பதினோரு படி, வலப்பக்கக் கைப்பிடி

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

என் கணவர் எழுதிய பயண வழிகாட்டியின் ஆறாம் பதிப்பு நேற்று வந்தது. புதுப்பித்தவர் என்று அவர் பெயரையே போட்டிருக்கிறீர்கள். அவர் இறந்து எட்டு வருடமாகிறது. நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். பொய்யைப் பொறுக்க மாட்டேன். விற்பனையை நிறுத்துங்கள்.

முதல் பதிப்பில் ரயில் நேரம், வெந்நீர் கிடைக்குமா, யாருக்கு முன்கூட்டிக் கடிதம் போட வேண்டும் என்றெல்லாம் எழுதினார். மூன்றாவதில் சுற்றுலாப் பேருந்து வந்துவிட்டது. அருவிக்குப் பத்து நிமிடம், கோட்டைக்கு இருபது. இப்போது எங்கே நின்று செல்ஃபி எடுப்பது, யார் வீட்டை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுப்பது என்று இருக்கிறது. காலம் மாறட்டும். ஆனால் எல்லாப் பதிப்பிலும் விடுதிக்கு விடுதி படிகளை எண்ணி, இடப்பக்கம் கைப்பிடி உண்டா என்று எழுதியிருப்பார். அது என் இடது முட்டிக்காக. வேறு யாருக்கும் தெரியாது. இதில் எண்பத்து நான்காம் பக்கத்து வாடகை வீட்டுக்கு, "பதினோரு படி. கைப்பிடி வலப்பக்கம்" என்று இருக்கிறது. என் வலது முட்டி வலிக்கத் தொடங்கியது போன மாதம்தான். புத்தகம் அச்சேறியது அதற்கும் முன்னால்.

மகன், "இப்பல்லாம் கம்ப்யூட்டரே எழுதிடும்மா" என்றான்.

"கம்ப்யூட்டருக்கு என் முட்டியை எப்படிடா தெரியும்?"

அவன் என் முட்டியையே பார்த்தான்.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "அவர்தாம்மா எழுதுறாரு. மாசாமாசம் தபால்ல வருது. உறையில முத்திரையே இருக்காது. கையெழுத்து கோழி கிளறின மாதிரி, படிக்கறதுக்குள்ள உயிரு போகுது" என்றாள். உயிர் போவது யாருக்கு என்று கேட்க வாய்வரை வந்தது; கேட்கவில்லை. நாற்பது வருடம் அந்தக் கிளறலைப் பிரதியெடுத்தவள் நான்.

அதே பக்கத்தில் மேலும்: "வீட்டுக்காரர் யாரும் வரமாட்டார். சாவி கதவோரப் பெட்டியில். ஜன்னலோரக் கட்டில் என் மனைவிக்கு." நாலு பேர் படிக்கிற புத்தகத்தில் எழுதுகிற விஷயமா இது? ஜன்னல் காத்து எனக்கு ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், மனுஷர் காதிலேயே போட்டுக்கிட்டதில்லை, இப்பவும் பாருங்க!

ஆகவே உடனே மறுப்பு வெளியிடக் கோருகிறேன். தங்கள் வீட்டில் பெரியவர், சிறியவர் எல்லோரும் சுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நூலாசிரியரின் விதவை

பி.கு.: மறுப்பு வேண்டாம். அந்த வீடு காலியா என்று மகனைப் பார்க்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை முதல் என் கணவர் பெயரிலும் என் பெயரிலும் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதாம். பெட்டி கட்டிவிட்டேன். கட்டில் விஷயத்தை அவரிடம் நேரிலேயே பேசிக்கொள்கிறேன். போன் எடுத்த பெண்ணிடம் சொல்லுங்கள்: அடுத்த மாதத்திலிருந்து தபால் நல்ல கையெழுத்தில் வரும்.