தெப்ராவ் மாட்டு ஆஸ்பத்திரி

ஒன்பது மணிக்கு மிஸ்ஸி வருவதாகக் கடிதம் சொல்லியிருந்தது. எட்டு மணியாகியும் சின்னத்தம்பியின் கொட்டகையில் நோய் கண்ட மாடு ஒன்றுகூட இல்லை.

முந்தின நாள் மாலைவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தெப்ராவ் கம்பத்தில், அந்தச் சின்னக் கிராமத்தில், கழுத்துப் புண்ணோடு வண்டி மாடுகள் ஏழு, மடி வீங்கிய பசுக்கள் மூன்று, நொண்டிக் கன்றுகள் இரண்டு என்று காட்டுவதற்கு வேண்டிய மட்டும் இருந்தன. விடிந்து பார்த்தால் ஊரிலுள்ள மாடெல்லாம் கொழுகொழுவென்று நிற்கிறது.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் சிலர் நிதி திரட்டி, பிராணிகளைப் பராமரிக்கும் சங்கங்களுக்கு மானியம் கொடுத்துவந்தார்கள். நோய் கண்ட மாடுகளைச் சங்கம் கவனிக்கிறதா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய அவர்கள் அனுப்புகிறவள்தான் இந்த மிஸ்ஸி. மானியம் கிடைத்தால் மாதம் இரண்டு தடவை மாட்டு டாக்டர் தெப்ராவுக்கே வருவார். போன வருஷம் சின்னத்தம்பியின் மயிலைக் காளை வயிறு ஊதிப் படுத்துவிட்டது. ஜோகூர் பாருவிலிருந்து டாக்டர் வந்து சேர மூன்று நாளாயிற்று. காளை இரண்டாம் நாளே போய்விட்டது. சின்னத்தம்பி கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று, பெண்டாட்டிக்குத் தெரியாமல் அழுதார். அழுது முடித்த கையோடு பிராணி சகாய சங்கம் ஆரம்பித்தார். தலைவர், காரியதரிசி, பொருளாளர் மூவரும் அவரேதான். ஆகையால் கூட்டங்களில் சண்டை வந்ததில்லை.

மிஸ்ஸி வருகிற செய்தியை அவர் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிவைத்தார். அங்கேதான் தப்பு நடந்தது. மாட்டைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களில் வண்டிக்காரர்களுக்குத் தெரிந்தது ஒரே ரகம்: நுகத்தைத் தூக்கிப் பார்த்து, கழுத்தில் புண் இருந்தால் அபராதம் எழுதுகிற ரகம். அதனால் கோழி கூவுமுன்பே நோய் கண்ட மாடுகளையெல்லாம் ஆற்றோரத்து ரப்பர் மரங்களுக்கிடையே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மடி வீங்கிய பசு ஒன்று மட்டும் பால்கார வெள்ளையம்மா வீட்டில் இன்னும் நின்றது. சின்னத்தம்பி ஓடிப்போய், மிஸ்ஸி பணம் வாங்க வரவில்லை, கொடுக்க வருகிறாள் என்று விளக்கினார். வெள்ளையம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாட்டுக்கு நோவுன்னா வெள்ளைக்காரி பணம் குடுப்பாளா? தம்பி, நீ நல்ல மனுசன். உன்ன யாரோ நல்லா ஏமாத்துறாங்க."

சொன்னவள் அந்தப் பசுவையும் அவிழ்த்து ஆற்றுப் பக்கம் ஓட்டினாள். அதுவரை அவள் ஒளித்துவைக்கும் யோசனையில்கூட இல்லை. சின்னத்தம்பி சும்மா இருந்திருந்தால் ஒரு பசுவாவது மிஞ்சியிருக்கும்.

வேறு வழியில்லாமல் நல்ல மாடுகளுக்கே நோய் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். தம்முடைய செவலை மாட்டைக் கொட்டகையில் கட்டினார். மைத்துனனின் ஜோடிக் காளைகளைக் கெஞ்சி வாங்கினார். கள்ளுக்கடைக்காரரின் ஆடும் வந்து சேர்ந்தது. கொடியில் கிடந்த பழைய சேலையைக் கிழித்து, மஞ்சளைக் குழைத்துப் பூசி, கால், கழுத்து, நெற்றி என்று வகையாகக் கட்டுப் போட்டார். மனைவி ராசம்மா பின்னால் வந்து நின்றாள்.

"இதுக்கு என்ன நோவுன்னு சொல்லப் போறீங்க? இப்பத்தான் ரெண்டு கட்டுப் புல்லத் தின்னுட்டு மூணாவது கட்டக் கேக்குது."

அப்புறம்தான் அவள் கட்டுத் துணியைக் கவனித்தாள். அது பழைய சேலை அல்ல. தைப்பூசத்துக்கென்று எடுத்து, ஒரே ஒருமுறை உடுத்தி, துவைத்துக் காயப்போட்ட சேலை. அவள் துணியின் ஒரு முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் சின்னத்தம்பிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கொட்டகையிலோ நோயாளிகள் ஒத்துழைக்க மறுத்தார்கள். நொண்டவேண்டிய செவலை துள்ளிக் குதித்தது. நெற்றிக்கட்டு கண்ணில் இறங்கியதும் ஜோடிக் காளைகளில் ஒன்று மிரண்டு, நேரே போய்ச் சங்கத்தின் பெயர்ப்பலகையை முட்டி இரண்டாக்கியது. ஆடு தன் கட்டை அவிழ்த்துத் தின்ன ஆரம்பித்தது.

மணி பத்தாயிற்று, பதினொன்றும் ஆயிற்று. இனி வரமாட்டாள் என்று சின்னத்தம்பி நிம்மதியும் துக்கமுமாக உட்கார்ந்த வேளையில் மோட்டார் வந்து நின்றது. மிஸ்ஸி இறங்கினாள். பாதங்களில் கணுக்கால்வரை சேறு. கூடவே, புண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டுக் கட்டும் டிரெசர் ஜெயபாலன் மருந்துப் பெட்டியோடு வந்தார்.

மிஸ்ஸி யாரையும் எதுவும் கேட்கவில்லை. செவலையின் முன்னால் மண்டியிட்டு, கால்கட்டை மெதுவாகப் பிரித்தாள். தடவிப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள். அங்கே புண்ணாவது, வீக்கமாவது. மிஸ்ஸி டிரெசரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அடுத்த மாட்டின் கழுத்துக்கட்டையும் பிரித்தாள். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. வாயில் கட்டுத் துணியோடு நின்ற ஆட்டை முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

கேலி செய்கிறாள் என்று சின்னத்தம்பிக்குத் தோன்றியது. தம் புத்திசாலித்தனத்தால் ஊருக்கு வரவிருந்த டாக்டரைத் தாமே துரத்திவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மிஸ்ஸி செவலையின் முதுகில் ஒரு காகிதத்தை விரித்து ஏதோ எழுதத் தொடங்கினாள். அபராதம்தான், சந்தேகமே இல்லை. அவர் டிரெசரைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"ஐயா, நான் பொய் பண்ணிட்டேன். இதுங்களுக்கு ஒரு நோவும் இல்ல. நோவு கண்டதெல்லாம் பயந்துபோயி ஆத்தோரம் ஒளிச்சு வச்சிருக்காங்க. அபராதம் எனக்குப் போடட்டும், ஜெயில்ல வேணாலும் வைக்கட்டும். டாக்டர மட்டும் அனுப்பச் சொல்லுங்க. அந்த மாடுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

மிஸ்ஸி அதற்குள் எழுதி முடித்து, கையெழுத்துப் போட்ட காகிதத்தை இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினாள். மானியம் ஒரு வருஷத்துக்கு என்று இருந்தது. சின்னத்தம்பி ஒன்றும் புரியாமல் டிரெசரைப் பார்த்தார். ஜெயபாலன் பெட்டியைத் திறந்து காட்டினார். மருந்துப் புட்டிகள் எல்லாம் காலி.

"பேசாம வாங்கிக்குங்க அண்ணே. வர்ற வழியில ஆத்தோரம் நெழல்ல பன்னெண்டு மாட்டத் தனித்தனியாக் கட்டி, பக்கத்துல ஆளுங்களும் காவலுக்கு உக்காந்திருந்தாங்க. அதுதான் உங்க ஆஸ்பத்திரின்னு நெனச்சு மிஸ்ஸி அத்தனைக்கும் மருந்து போட்டுட்டு வர்றாங்க. இங்க நிக்கிறதெல்லாம் தழும்புகூட இல்லாமக் கொணமாயி, வீட்டுக்குப் போற மாடுங்களாம் லா."