உள்ளளவு சாரும் சாராயக் குழாயும்

திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவே, எதையும் வெளிப்பக்கம் வைத்து அளக்காத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் உள்ளளவு சார். இதில் யாரும் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம்.

பெயர் வேறு. சம்பள நாளன்று ஆபீசில் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவரே சில சமயம் திரும்பிப் பார்க்கமாட்டார்.

நான் அப்போது திருப்பதியில் ஒரு கல்லூரிக்கு ஜீப் ஓட்டினேன். அவர் அங்கே பௌதிக லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர். டெம்பரரி வேலை. ஆந்திர ராஜ்யம் தனியாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம்.

லேப் சுவரில் மூன்று பித்தளைக் குழாய்கள் மாட்டியிருக்கும். யுத்தத்தில் ராடாருக்கு வைத்திருந்த பழைய சாமான். தண்ணீர்க் குழாய் மாதிரி உருண்டை இல்லை. செங்கல்லைக் குடைந்த மாதிரி நீள்சதுரம். அதன் வழியே ரேடியோ அலை போகும் என்றார்கள். கம்பி கிடையாது. உள்ளே வெறும் காற்று. நான் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே வந்தார்.

"முனிரத்தினம், பஜார் சந்துல பஸ்ஸு நுழையுமா?"

"நுழையாது சார்."

"ஜீப்பு?"

"போவும் சார்."

"அதே ஜீப்பு பெரிய ரோட்டுல?"

"இஷ்டத்துக்குப் போவும். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அலைஞ்சிக்கினு போவும்."

"அவ்வளவுதான்யா விஷயம். நீள அலை பஸ்ஸு. சின்னக் குழாயில நுழையவே நுழையாது. குட்டி அலை ஜீப்பு. பெரிய குழாயில விட்டா தறிகெட்டுப் போவும். அதனால ஒவ்வொரு அலைக்கும் அதுக்குன்னு ஒரு சந்து. இதுக்கு மேல புரொபசருக்கே தெரியாது."

மூன்று குழாய்க்கும் அளவு உண்டு. பெரியது மூன்று அங்குலத்துக்கு ஒன்றரை. நடு இரண்டுக்கு ஒன்று. சின்னது ஒன்றுக்கு அரை. நான் அப்படித்தான் சொல்வேன். அவருக்கு வந்துவிடும் கோபம்.

"அது தகட்டோட சேத்து அளக்கறது! தகட்டுக்குள்ளயா அலை போவுது? உள்ளளவு சொல்லுயா!"

உள்ளே அளந்தால் பெரியதின் அகலம் இரண்டு புள்ளி எட்டு நான்கு. சின்னது புள்ளி ஒன்பது. அலையின் துடிப்புக்கு மெகாசைக்கிள் என்று ஒரு கணக்கு. பெரியதில் இரண்டாயிரத்து அறுநூறு மெகாசைக்கிள் முதல் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது வரை போகும். நடுக்குழாய் அங்கிருந்து ஐயாயிரத்து எண்ணூற்று ஐம்பது வரை. சின்னது எட்டாயிரத்து இருநூறு முதல் பன்னிரண்டாயிரத்து நானூறு வரை. ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்தால் இதைத்தான் சொல்லிக்கொண்டு வருவார். கேட்டுக் கேட்டு எனக்கும் ஒட்டிக்கொண்டது.

"நடுக்குழாய்க்கும் சின்னதுக்கும் நடுவுல ஒரு துண்டு வுட்டுப்போவுதே சார்? அது எதுல போவும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுக்கும் ஒரு சைஸ் இருக்குது. நம்மகிட்டதான் இல்ல" என்றார். சொந்தத்தில் ஒருவரைப் பறிகொடுத்த மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சட்டைப் பையில் எப்போதும் காலிப்பர், அளவெடுக்கிற இடுக்கி, இருக்கும். ஹோட்டலில் காப்பி வந்தால் முதலில் தம்ளருக்குள் அதை விடுவார். "வெளிய பாத்தா மூணு இஞ்ச் உசரம். உள்ள ரெண்டே கால். அடித்தகடு முக்கால் இஞ்சா?" என்று சத்தமாகக் கேட்பார். பக்கத்து மேசைக்காரர்களும் தங்கள் தம்ளரைத் தூக்கிப் பார்ப்பார்கள். முதலாளி கல்லாவிலிருந்து இறங்கி வந்து கும்பிட்டார். "சாரு, மீக்கு தண்டம் பெட்டுதானு. எதிர் ஹோட்டல்ல தம்ளர் இன்னும் தடியா இருக்குது. அங்க போயி அளங்க சாரு."

நகரிப் பக்கம் எல்லைக்கல் விஷயமாக ஒரு சர்வேயர் வந்திருந்தார். வழியில் அவரைப் பார்த்ததும் ஜீப்பை நிறுத்தச் சொன்னார் சார். ஊரே எங்கள் வீடு எந்தப் பக்கம், எங்கள் கிணறு எந்தப் பக்கம் என்று அழுதுகொண்டிருந்தது. இவர் கேட்டது வேறு.

"கல்லுக்கு இந்தப் பக்கம் ஆந்திரா. அந்தப் பக்கம் மெட்ராஸ். சரி. கல்லோட கனம் ஆறு இஞ்ச் இருக்குதே, அது எந்த ராஜ்யம்?"

சர்வேயர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கிப் போய்விட்டார்.

இப்படி இருந்தவருக்குத்தான் அந்தச் சோதனை வந்தது. கல்லூரிக்கு மறுநாளே ஒரு கமிட்டி வருவதாகச் சொன்னார்கள். புரொபசர் அவரைக் கூப்பிட்டார். "சின்னக் குழாய் பெஞ்சு வேலை செய்யறத கமிட்டி பாக்கணும். இல்லன்னா அலை செக்ஷனை மூடிடுவாங்க. மூடினா உங்க போஸ்டும் போயிடும். நான் ஒண்ணும் செய்ய முடியாது."

சின்னக் குழாய்களை மேசைமேல் கோத்து வைத்திருந்த அந்த பெஞ்சில் ஒரு வளைவுக் குழாய் விரிசல் விட்டிருந்தது. அது மெட்ராஸ் பழைய சாமான் கடைத்தெருவில்தான் கிடைக்கும். சாருக்கு பாகாலாவில் வீடு. மனைவி, இரண்டு பெண்கள். தினம் ரயிலில் வந்து போகிறவர். அன்று வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் ஜீப்பில் ஏறினார்.

மெட்ராஸில் கடை கடையாக ஏறினோம். எல்லாக் கடைக்காரரும், "எல்லாம் ஒண்ணுதான் சாரே, பித்தளை" என்றார்கள். இவர் காலிப்பரை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். கடைசிக் கடையில் ஒரு வளைவைக் கையில் எடுத்தவர் முகம் மாறியது. புள்ளி ஒன்பதுக்குப் புள்ளி நான்கு. உள்ளே வெள்ளிப் பூச்சு அப்படியே இருந்தது. வேட்டி ஓரத்தைக் கிழித்து இரண்டு வாயையும் அடைத்தார். மடியில் வைத்துக்கொண்டார்.

நகரி தாண்டி, வடமாலபேட்டைக்கு முன்னால் போலீஸ் கையைக் காட்டியது. மதுவிலக்குப் போலீஸ்.

சப் இன்ஸ்பெக்டர் வளைவைப் பார்த்தார். பித்தளை. வளைந்திருக்கிறது. இரண்டு முனையிலும் மாட்டுவதற்குத் தகடு. வாயில் துணி அடைத்திருக்கிறது. அவருக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"ஏமய்யா, சாரா காச்சற குழாயா?"

"இல்லீங்க. இதுல அலை போகும்."

"அலையா? சமுத்திரம் இங்க எங்க இருக்குது?"

எங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு கான்ஸ்டபிள் துணியை எடுத்து, மோந்து பார்க்க மூக்கைக் கொண்டுபோனார்.

"மூச்சு விடாதே!" என்று அலறினார் சார். கான்ஸ்டபிள் பயந்து நிஜமாகவே மூச்சை அடக்கிக்கொண்டார். "உள்ள வெள்ளி பூசியிருக்குது. உன் மூச்சு ஈரம் பட்டா கறுத்துப் போயிடும்யா." பிடுங்கி, மறுபடி துணியைத் திணித்தார். பதற்றத்தில் கொஞ்சம் ஆழமாகவே திணித்தார்.

சப் இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. ஒரு வழி சொன்னார். "சாராக் குழாய்னா ஜாயிண்டுல ஒழுகாது. எதுனா ஒரு குழாயில மாட்டி, ஒரு சொம்பு தண்ணி ஊத்திக் காட்டு. ஒழுகிச்சுன்னா நீ சொல்றது நிஜம். போயிடு."

நியாயமான பேச்சு. எனக்கு உயிர் வந்தது. சார் குழாயை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது."

"சார், ஒரு சொம்பு சார். தொடைச்சிக்கலாம் சார்" என்றேன்.

"முனிரத்தினம், என்னை உள்ள வைக்கட்டும். இதுக்குள்ள தண்ணி வேணாம்."

"நாளைக்குக் கமிட்டி சார். நீங்க உள்ள இருந்தா வேலை போயிடும் சார்."

"உள்ள தண்ணி போனாலும் வேலை போயிடும். அப்புறம் எதுக்கு ஊத்தணும்?"

சப் இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்துவிட்டு, லாக்கப் பக்கம் திரும்பினார்.

"ஒரேய் கங்கய்யா! இலா ரா. இதப் பாரு."

கங்கய்யா அந்தப் பக்கத்தில் பேர் போன சாராயக்காரன். அன்று காலையில்தான் பிடித்து வைத்திருந்தார்கள். கம்பிக்கு நடுவே கையை நீட்டிக் குழாயை வாங்கினான். திருப்பினான். சுண்டினான். சத்தம் கேட்டான். பொண்ணு பார்க்க வந்த மாமியார் மாதிரி ஒன்றையும் விடவில்லை. பிறகு துப்பாத குறையாகத் திருப்பிக் கொடுத்தான்.

"சீ. இதுல எவன் சாமி காச்சுவான்? நாலு மூலை இருக்குது. மூலைக்கு மூலை கசடு நிக்கும். ஒரு பானை எறக்கறதுக்குள்ள நாறிப் போயிடும். இத செஞ்சவனுக்குத் தொழிலே தெரியாது சாமி."

"சரி, போங்கய்யா" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

நான் எழுந்துவிட்டேன். சார் எழுந்திருக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"யாருக்குத் தொழில் தெரியாது? எட்டாயிரத்து இருநூறுல இருந்து பன்னிரண்டாயிரத்து நானூறு வரைக்கும் சிந்தாம சிதறாம போற குழாய்யா இது!"

"என்னாத்துக்குச் சாமி அந்தக் கணக்கு? என்து மூங்கிக் குழா. எது வந்தாலும் வுட்டுடும்."

"எது வந்தாலும் விட்டா அது ஒரு குழாயா?"

"ஓய் மேஷ்டாரு!" என்று சப் இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டினார். "அவன் உன்னை விடச் சொல்றான். நீ அவன்கிட்ட சண்டை பிடிச்சிக்கினு கீறியே!"

சார் காதில் அது விழவில்லை. "உன் மூங்கில் உள்ள எவ்வளவு அகலம்?"

"ஒண்ணரை இஞ்சி இருக்கும்."

"உள்ளளவா?"

"பின்ன? சாராயம் உள்ளதான் சாமி போவும்."

சார் எழுந்து கம்பிக்கு அருகே போனார். ஊரில் முதல் தடவையாக ஒருவன் கேட்காமலே உள்ளளவு சொல்லியிருக்கிறான். கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "உள்ள தகடு அடிச்சா நாலாயிரத்து அறுநூறுக்கு மேல போகும்" என்றார். கங்கய்யா கம்பிக்குப் பின்னாலிருந்து கும்பிட்டான். அவரை ஜீப்புக்கு இழுத்து வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

மறுநாள் காலை கமிட்டி வந்தது. மூன்று பேர், மூன்று பேரும் கோட்டு. ராத்திரியெல்லாம் லேபிலேயே இருந்து வளைவை மாட்டியிருந்தார் சார். கண் இரண்டும் பழுத்திருந்தன. நான் வாசலில் நின்றேன். இந்தப் பக்கம் அலையை உண்டாக்கி விடுகிற ரேடியோ வால்வு. அந்தப் பக்கம் ஒரு மீட்டர். அலை வந்து சேர்ந்தால் முள் ஆடும்.

ஸ்விட்சைப் போட்டார். முள் ஆடவில்லை.

திருகினார். தட்டினார். மறுபடி போட்டார். முள் செத்த மாதிரி கிடந்தது. கமிட்டியில் பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புரொபசர் ஜன்னலைப் பார்த்தார். சார் வாய்க்குள் மெகாசைக்கிள் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

திடீரென்று வளைவைக் கழற்றினார். கண்ணருகே வைத்துப் பார்த்தார். விரலை விட்டார். எட்டவில்லை. காலிப்பர் முனையை விட்டு இழுத்தார். வந்தது. வேட்டிக் கரை. வந்துகொண்டே இருந்தது. வேர்வை ஈரத்தோடு, மந்திரக்காரன் வாயிலிருந்து ரிப்பன் எடுக்கிற மாதிரி. கோட்டுக்காரர்கள் மூன்று பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

துணியைப் பையில் போட்டுக்கொண்டு, மாட்டி, ஸ்விட்சைப் போட்டார். முள் துள்ளிப் போய் அந்தக் கோடியில் இடித்தது. பெரியவர் முதலில் சிரித்தார். பிறகு கை கொடுத்தார்.

செக்ஷன் இருக்கும், போஸ்ட்டும் இருக்கும் என்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிட்டார்கள். ரயில் போய்விட்டிருந்தது. ஜீப்பில் கொண்டுபோய் விடச் சொன்னார் புரொபசர். ஊர் எல்லை தாண்டுவதற்குள் சார் தூங்கிவிட்டார். மெகாசைக்கிள் இல்லாமல் அவரோடு நான் போன ஒரே பயணம் அது. பள்ளம் வந்த இடமெல்லாம் சுற்றிக்கொண்டு போனேன். புரொபசருக்குக்கூட நான் அப்படி ஓட்டியதில்லை.

பாகாலாவில் சார் வீட்டம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. இவர் தலை சாய்ந்து கிடந்ததைப் பார்த்துப் பதறி ஓடி வந்தது.

"தூங்கறாரும்மா. வேலை போவல, இருக்குது" என்றேன்.

அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. "எழுப்பட்டுமாண்ணா?"

"கொஞ்சம் போவட்டும்மா."

இஞ்சினை நான் நிறுத்தவில்லை. சத்தம் நின்றால் முழித்துக்கொள்வார்.