இரண்டு மணிக்கு விடைபெற வேண்டுமாம்

அன்புள்ள மார்லிஸ் அக்காவுக்கு,

தம்பி எல்டன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஜோலீனும் சௌக்கியம், நாய் சௌக்கியம், கடையில் தூண்டில் வியாபாரமும் சௌக்கியம். டுலூத்தில் நீயும் கோர்டி அத்தானும் உன் புது முழங்காலும் நலம்தானே? அங்கே கொசு எப்படி? இங்கே ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. நலம் விசாரித்தாகிவிட்டது. இனி சண்டைக்கு வருகிறேன்.

அன்னிகாவைக் கோடைக் கல்லூரிக்கு அனுப்பச் சொன்னது யார்? நீ. ஈஸ்டர் அன்றைக்குப் பன்றித்தொடையை வெட்டிக்கொண்டே, "பொண்ணு ஏரிக்கரையில கல்லு பொறுக்கிக்கிட்டே இருக்கணுமாடா? காலேஜ்லயே மூணு வாரம் தங்கி அந்தக் கல்லைப் பத்திப் படிக்கட்டுமே" என்று சொன்னது நீ. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கல்லூரி விடுதியில் தூங்கி, கல்லூரிச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, வீட்டை விட்டுப் போவதற்கு முன்கூட்டியே பழகிக்கொள்வார்களாம். போவதற்கு எதற்குப் பழக வேண்டும் என்று கேட்கிறேன். பதினாறு வயதுதானே ஆகிறது? அதனால் முடிவு செய்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை போய் அவளை வீட்டுக்குக் கூட்டி வரப்போகிறேன். நீ ஃபோன் செய்து, அப்பா சொல்வதுதான் சரி என்று அவளிடம் சொல்ல வேண்டும். நீ சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான்.

நடந்ததைக் கேள். போன ஞாயிறு வண்டியில் பாதி வீட்டை ஏற்றிக்கொண்டு போனோம். மின்விசிறி, பனிக்காலப் பூட்ஸ் (ஜூன் மாதம்தான், ஆனால் மினசோட்டா ஜூன்), கறியும் காளான் சூப்பும் போட்டு மேலே உருளைக்கிழங்கு உருண்டை அடுக்கி நீ சுட்டுக் கொடுத்த ஹாட்டிஷ், எல்லாம். வண்டியை நிறுத்தியதுதான் தாமதம், மஞ்சள் சட்டை போட்ட கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக ஓடி வந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் சாமான் மொத்தத்தையும் மூன்றாவது மாடிக்குத் தூக்கிப்போய்விட்டார்கள். மொத்தம் என்றால் மொத்தம். என் மாற்றுச் சக்கரம் போய்விட்டது. திரும்பும் வழியில் தூண்டில் போடலாம் என்று வைத்திருந்த உயிர் மீன்குஞ்சு வாளியும் போய்விட்டது. மூச்சு வாங்க ஏறிப் போய்ப் பார்த்தால், அறையின் நடுவில் வாளி. அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள், அன்னிகாவின் அறைத்தோழி, மியாமியிலிருந்து வந்த ஓடாலிஸ் என்கிற பெண்.

"ஐயோ, என்ன அழகு! வளர்க்கிற மீனா சார்?"

"இல்லம்மா, கொக்கியில குத்துறது."

அந்தப் பெண் வாளியை இழுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அன்னிகா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

சரி, போகட்டும் என்று கட்டிலுக்கு விரிப்பு போடப் போனேன். விடுதிக் கட்டில் வீட்டுக் கட்டிலைவிட ஒரு சாண் நீளமாம். நீளமான விரிப்பாக வாங்கச் சொல்லி ஜோலீன் தலைபாடாக அடித்துக்கொண்டாள். கட்டில் கட்டில்தானே என்று நான்தான் சொன்னேன். தலைமாட்டில் மாட்டினால் கால்மாட்டில் பிய்த்துக்கொண்டு வருகிறது, கால்மாட்டில் மாட்டினால் தலைமாட்டில். முழங்காலை வைத்து அழுத்தி இழுத்துக் கடைசி மூலையை மாட்டிய நேரத்தில் அது தெறித்துப் போய் ஓடாலிஸின் அம்மா கையிலிருந்த காபியைத் தட்டிவிட்டது. நல்லவேளை, காபி ஆறியிருந்தது. அந்த அம்மாள் ஆறவில்லை.

அப்போதுதான் டோபின் என்கிற மஞ்சள் சட்டைப் பையன் நடைவழியில் நின்று, "பெத்தவங்களே, மணி ரெண்டு! கட்டிப் பிடிச்சுக்கங்க, கிளம்புங்க!" என்று கத்தினான். கலிபோர்னியாக்காரனாம். அவனுக்கு என்ன தெரியும்? நம் பக்கத்தில் விடைபெறுவது ஒரு மூச்சில் முடிகிற காரியமா? தொடையில் தட்டி "சரி, அப்போ…" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருக்க வேண்டும். பிறகு எழுந்து கதவருகே ஒரு பேச்சு, படியில் ஒரு பேச்சு, வண்டிக் கண்ணாடியை இறக்கி ஒரு பேச்சு, அதன் பிறகு வளைவு வரை கையசைப்பு. ஜோலீன் சிகாகோக்காரி. அறையிலேயே மகளுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வண்டிக்குப் போய்க் குறுக்கெழுத்து போட உட்கார்ந்துவிட்டாள். நான் முறைப்படி தொடையில் தட்டினேன். கதவருகே ஜன்னல் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசினேன். பாதிப் படி இறங்கியதும், பிள்ளை சாப்பிடவில்லையே என்று ஞாபகம் வந்தது. திரும்ப ஏறி, நடைவழியிலிருந்த மைக்ரோவேவில் உன் ஹாட்டிஷைச் சூடு பண்ண வைத்தேன். மேலே மூடியிருக்கும் அலுமினியத் தாளை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். விடைபெறும் நேரத்தில் அதெல்லாம் மனதில் நிற்பதில்லை, அக்கா.

முதலில் நீலமாக ஒரு பொறி, பிறகு புகை, பிறகு கட்டடம் முழுக்க மணி அலறல். மொத்த விடுதியும் புல்வெளிக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே அழுது முடித்துக் கிளம்பியிருந்த பெற்றோர்கள் எல்லாம் திரும்பி ஓடி வந்து, பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு முதலிலிருந்து அழ ஆரம்பித்தார்கள். அந்தக் கூட்டத்தில் அன்னிகா என்னைத் தேடி வந்தாள்.

"சரி, அப்போ…" என்று நான் ஆரம்பித்தேன்.

"அப்பா, கிளம்புங்க. ப்ளீஸ்."

தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். வண்டி வரை வரவில்லை. கையசைக்கவில்லை. வீட்டுக் கதவைத் தட்டித் தூசி உறிஞ்சும் இயந்திரம் விற்க வந்தவனைக்கூட "மான் குறுக்க வரும், பாத்துப் போங்க" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் நாம். பெற்ற பெண் எனக்கு அதைச் சொல்லவில்லை. எனக்கு வலித்தது, அக்கா. ஜோலீனிடம் சொன்னேன்.

"அவ வளந்துட்டா, எல்டன்" என்றாள், குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"வளந்துட்டா காட்டுல மான் இல்லாம போயிடுமா?"

அன்றிலிருந்து ஃபோன் கிடையாது. செவ்வாய்க்கிழமை ஒரு படம் மட்டும் வந்தது. ஒரு கல். பழுப்பு நிறம். கீழே ஒரு வார்த்தையும் இல்லை. ஓரத்தில் அவள் விரல் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். அது ஓடாலிஸின் விரல். இதற்குத்தானா அனுப்பினோம்? இந்த வேகத்தில் போனால் மூன்று வாரத்தில் நம்மை யார் என்று கேட்பாள். அதனால்தான் போகிறேன். சாக்குக்கும் பஞ்சமில்லை. அடியில் உன் பெயர் எழுதி ஒட்டிய கண்ணாடிப் பாத்திரம் அங்கேயே நின்றுவிட்டது. ஊரான் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காதவன் என்ற பெயர் நம் குடும்பத்துக்கு வேண்டாம். பாத்திரத்தையும் எடுப்பேன், பெண்ணையும் எடுப்பேன். ஜோலீன் கூட வருகிறேன் என்கிறாள்; என்னைப் பிடித்து நிறுத்தத்தான்.

கோர்டி அத்தானுக்கு என் அன்பு. அவருடைய படகு ஒழுகாமலும், உன் முழங்கால் மடங்கியும், தக்காளிச் செடியை முயல் தொடாமலும் இருக்க ஆண்டவர் அருளட்டும். மறக்காமல் ஃபோன் செய்.

இப்படிக்கு,
உன்னால் அவதிப்படும் தம்பி
எல்டன் ஸ்கோக்லண்ட்

பின்குறிப்பு: தபால்தலை தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன். வண்டியைப் பார்த்ததும் தலை முதல் கால் வரை சேறோடு ஓடி வந்தாள். பாத்திரம் எடுக்க வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் விடவில்லை. வண்டிக் கண்ணாடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். நாங்கள் நின்ற இடம் ஒரு காலத்தில் கடலாம். அந்தப் பழுப்புக் கல்லுக்குள் இருப்பது நத்தையாம். மீன்குஞ்சுகளைக் கல்லூரிக் குளத்தில் விட்டுவிட்டார்களாம். ஓடாலிஸ் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாளாம். ஜோலீன் ஒரு குறுக்கெழுத்தை முடித்து அடுத்ததுக்குப் போய்விட்டாள். "வீட்டுக்கு வர்றியாம்மா?" என்பது என் தொண்டை வரை வந்தது. அதற்குள் அவளே சொன்னாள்:

"அன்னைக்கு நீங்க இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா நானும் வண்டியில ஏறி வந்திருப்பேன்ப்பா. அதான் திரும்பிப் பாக்காம போயிட்டேன். அடுத்த வருஷம் ஆறு வாரமாம். வரட்டுமா?"

விரிப்பு நீளமானதாக வாங்கிவிடலாம் என்றேன். கடைசியில் தொடையில் தட்டி "சரி, அப்போ…" என்று சொன்னது நான். "இருங்கப்பா, இன்னும் ஒண்ணு" என்றது அவள். டோபின் தூரத்திலிருந்து கிளம்பச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தான், பாவம். வண்டி நகர்ந்தபோது கதவில் கையை வைத்துக்கொண்டு வளைவு வரை கூடவே நடந்து வந்தாள்.

"மான் குறுக்க வரும், பாத்துப் போங்கப்பா."

வழியெல்லாம் கண் கலங்கி ஓட்டினேன். மான் வந்திருந்தால் தெரிந்திருக்காது. ஆகவே, மேலே எழுதியது எதையும் நான் எழுதவில்லை, ஃபோன் செய்யாதே. உன் பாத்திரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அடுத்த ஞாயிறும் போக வேண்டாமா?