பதினாறு காதுகளுக்கு ஒரு லைசென்ஸ்

ஒரு சாய்வு நாற்காலி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல், எட்டு வீட்டாரின் வாய். இவ்வளவையும் அடிதடி இல்லாமல், ஒரு துண்டுக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு வென்றவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஓர் இனமே இருக்கிறது. லைசென்ஸ்காரர் என்று அதற்குப் பெயர். பொருள் ஊருடையது, காகிதம் அவருடையது. பொருளை யார் வாங்கினார்கள் என்பதை ஊர் ஒரு மாதத்தில் மறந்துவிடும். காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதை அவர் ஒரு நாளும் மறக்க விடமாட்டார்.

நல்ல ரகமாகப் பார்க்க வேண்டுமா? மலாயாவில், காஜா பேராங் வரிசை வீடுகளுக்கு வாருங்கள். கிராணி மாணிக்கவாசகம் இருக்கிறார், ஆபீஸ் குமாஸ்தா. ஒன்பது வீட்டாரும் சேர்ந்து பண்டார் ஹிலிர் கடைத்தெருவில் ஒரு பழைய ரேடியோப் பெட்டி வாங்கினார்கள். ரேடியோ வைத்துக்கொள்ள அப்போது வருஷா வருஷம் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. இங்கிலீஷ் தெரிந்தவர் கிராணி ஒருவர்தான். தம் பெயரை எழுதினார். மை காய்வதற்குள் அவருக்குள்ளே ஒரு துரை எழுந்து உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக்காரத் துரைகள் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். காலியான இடத்தில் யாராவது உட்காரத்தானே வேண்டும்?

லைசென்ஸைக் கண்ணாடி போட்டு, முருகன் படத்துக்கு ஒரு சாண் மேலே மாட்டினார். பெட்டியின் திருகை அவர் விரல் தவிர வேறு விரல் தொடக் கூடாது. கேட்க விரும்புகிறவர் வாசற்படியில் நின்று வீட்டு நம்பர், பெயர், நிலையம், மணி, ஆள் எத்தனை என்று சொல்ல வேண்டும். அதே வரிசையில். ஒன்று முன்பின்னானாலும் பெட்டி வாய் திறக்காது.

ஏழாம் நம்பர் மருதமுத்து, பாவம், முனிசிபல் வேலை முடித்து ஆசையாக வருவார்.

“கிராணி ஐயா, அஞ்சு மணிப் பாட்டு வைங்கய்யா.”

“வீட்டு நம்பர்.”

“அட, பக்கத்து வீடுதானய்யா நானு! நான் ஆணியடிச்சா ஒங்க செவுத்துப் படம் ஆடுது.”

“நம்பர்.”

“ஏழு. மருதமுத்து. அஞ்சு மணி...”

“ஸ்டேஷன் எங்க? மொதல்லேருந்து சொல்லு.”

அவர் சரியாகச் சொல்லி முடிப்பதற்குள் பாட்டு முடிந்து ரப்பர் விலை வந்துவிடும்.

இது போதாதென்று, ஒரு லைசென்ஸுக்கு எட்டுப் பேர்தான் கேட்கலாம் என்றும் ஒரு சட்டம் போட்டார். எந்தக் காகிதத்திலும் அப்படி இல்லை. அவர் நாக்கில் இருந்தது. தலைகளை விரலால் எண்ணி ஒன்பதாவது ஆளை எழுப்பி அனுப்புவார். வெளியே ஜன்னலோரம் நிற்பவருக்குத் ‘திருட்டுக் காது’ என்று பட்டம், ஜன்னலும் சாத்தப்படும். யார் வந்தார், யார் இருமினார், நகைச்சுவைக்கு யார் அளவுக்கு மீறிச் சிரித்தார் என்பதெல்லாம் ஒரு நோட்டில் ஏறும். உலகத்தில் இப்படிக் கண்காணிக்கப்பட்ட ரேடியோ வேறு உண்டா?

நாலாம் நம்பர் அஞ்சலைக்கு ஆஸ்பத்திரியில் துணிகளை நம்பர் பார்த்துப் பிரிக்கிற வேலை. ஒரு தலையணை உறை இடம் மாறினாலும் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் தூக்கி வளர்த்த தம்பி சுப்பையன், லாரிப் பட்டறையில் கிரீஸ் கையோடு புல்லாங்குழல் கற்றவன், வரும் ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் வானொலியில் பத்து நிமிடம் வாசிக்கப் போகிறான். மீன்காரனிடம்கூடச் சொல்லிவிட்டாள். புதன்கிழமையே வந்து படியில் நின்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

“நாலாம் நம்பர், அஞ்சலை, ரேடியோ மலாயா, ஞாயித்துக்கெழம நாலு மணி, எட்டுப் பேரு.”

கிராணி பிழை தேடினார். கிடைக்கவில்லை. அவர் விட்டத்தைப் பார்த்து யோசித்த நேரத்தில் அவள் கண் கண்ணாடிச் சட்டத்துக்குப் போயிற்று.

“முப்பத்தொண்ணு, மூணு, அம்பத்தெட்டு. இது எதுக்குண்டான தேதிங்கய்யா?”

லைசென்ஸ் முடியும் தேதி. நடப்பதோ ஜூன் மாதம். இருமியவரை எழுதியவர் இதை எழுதவில்லை! பாய்ந்து போய் மின்கம்பியைப் பிடுங்கினார்.

“யாரும் தொடாதீங்க! கேஸாயிடும்!”

“அப்ப புதுசு எடுங்களேன்.”

“தபாலாபீஸுக்குப் போனா, மூணு மாசமா லைசென்ஸ் இல்லாம என்ன பண்ணினேன்னு என்னையில்ல கேப்பான்? மனு எழுதணும், பதில் வரணும். ரெண்டு மூணு வாரம் ஆவும்.”

“ஞாயித்துக்கெழம என் தம்பி வாசிக்கிறான்யா!”

“பொறவு வாசிக்காமலா போயிடுவான்?”

சனிக்கிழமை காலை அஞ்சலை தானே புது லைசென்ஸ் எடுக்கத் தபால் நிலையத்துக்கு நடந்தாள். ஜன்னலில் இருந்தவர் வழக்கம்போல மைப்பெட்டியை நகர்த்தினார். ரப்பர்த் தோட்டப் பள்ளியில் மூன்று வகுப்பு படித்தவள்தான். ஆனால் இத்தனை காலம் எல்லோரும் அவள் கட்டை விரலைத்தான் கேட்டார்கள்.

“பேனா குடுங்க,” என்றாள்.

“சீக்கிரம் லா!” என்று பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினாள்.

லைசென்ஸ் யார் பெயரிலோ பெட்டி அவர் வீட்டில் என்பது கிராணியே போட்ட சட்டம். மாலையில் பெட்டி நாலாம் நம்பருக்கு வந்தது. மறுநாள் ஒன்பது வீடும் அங்கேதான். கிராணியும் ஓர் ஓரமாகத் தரையில். சரியாக நாலு மணிக்குச் சுப்பையன் வாசித்தான். பத்து நிமிடமும் அஞ்சலை திருகிலிருந்து கையை எடுக்கவில்லை. அடுத்துத் திரைப்பாடல்கள் என்று அறிவிப்பாளர் சொன்னாரோ இல்லையோ, ‘டக்’.

“ஏம்மா, பாட்டு வருதே!” என்றார் மருதமுத்து.

“போதும்ணே. தம்பி வாசிச்சாச்சுல்ல. பெட்டி சூடாயிரும்.”

“பெட்டி எல்லாருக்கும் பொதுதானே?”

“பெட்டி பொது. லைசென்ஸ் யாரு பேருல?”

கிராணி மட்டும் தலையசைத்தார். இந்த உலகத்தில் தம்மைப் புரிந்துகொண்ட ஓர் ஆத்மா!

சிரிக்கிறீர்களா? உங்கள் சட்டைப்பையிலோ அலமாரியிலோ, ஊர்ச் சொத்துக்கு உங்கள் பெயர் போட்ட காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அது உங்களை எந்த நாளில் பிடித்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அஞ்சலைக்குச் சரியாகத் தெரியும். அவள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள் அது: 1958, ஜூன் 14, சனிக்கிழமை.