கொள்ளிடக் கரையில் ஒரு மஞ்சள் வேட்டி

நிருபர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். கெட்டது செய்பவனைத் தேடி அலைய வேண்டாம், அவன் எப்படியும் மாட்டிக்கொள்வான். நல்லது செய்பவனைக் கவனி. சம்பளம் வாங்காமல், ஓட்டும் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் ஊருக்கு நல்லது செய்கிறார் என்றால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. இந்தப் பாடத்தை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அதனால்தான் ஒரு பங்குனி மாதத்தில் என் சொந்த மாமியாரை வேவு பார்க்கப் போனேன்.

எழுபதுகளின் கடைசி. திருச்சியில் ஒரு தினசரியில் நான் தற்காலிக நிருபர். தற்காலிகம் என்றால் எப்படி என்றால், காலையில் என் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத்தான் சைக்கிளைப் பூட்டுவேன். எங்களில் ஒருவரைச் சித்திரைக்குள் நிரந்தரம் செய்யப் போவதாகப் பேச்சு. போட்டியில் இருவர். மற்றவன் ஏற்கெனவே ஒரு ரேஷன் அரிசிக் கடத்தலைப் பிடித்துக் கொடுத்திருந்தான். நான் பிடித்துக் கொடுத்தவை மூன்று பள்ளி ஆண்டு விழாக்கள்.

மாமனார் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் இருந்தார். உலகத்திலுள்ள வேலைகளை அவர் இரண்டாகப் பிரிப்பார்: பர்மனென்ட், மற்றவை. “வாங்க மாப்ளை, ஆர்டர் வந்துடுச்சா?” என்று கேட்ட பிறகுதான் அந்த வீட்டில் எனக்குக் காபி வரும். (ஆர்டர் வரவில்லை என்றால் காபி வெறும் டம்ளரில் வரும், டபரா இருக்காது. இது என் கற்பனை என்று மனைவி வசந்தா இன்றும் சொல்கிறாள்.)

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஞாயிறுதோறும் விடிந்ததும் மண்வெட்டியோடு கிளம்பிக் கொள்ளிடக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தார். வெள்ளத்தில் கரை அரித்துப் போன பிறகு, பிலோமினா என்ற விலங்கியல் ஆசிரியை அங்கே ஒரு வகுப்பு ஆரம்பித்திருந்தார். கரையோரம் குடியிருப்பவர்களுக்குத் தங்கள் கரையைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. எந்தப் புல் மண்ணைப் பிடித்து வைக்கும், எந்தப் பறவை எந்த மாதம் வரும், தவளை குறைந்தால் கொசு ஏன் கூடும் என்றெல்லாம் பாடம். பாடம் முடிந்ததும் வேலை. நாணல் நடுவார்கள், புங்கங்கன்றுக்கு முள்வேலி கட்டுவார்கள், மணல் வண்டி இறங்காமல் பார்த்துக்கொள்வார்கள். எல்லாம் இலவசம்.

அந்த ‘இலவசம்’ என்ற இடத்தில்தான் என் காது நிமிர்ந்தது.

சந்தேகம் எனக்கு மட்டும் இல்லை. அது குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் என்று தெருவில் ஒரு கட்சி சொன்னது. ஆட்களைச் சேர்த்துப் பிறகு வேனில் ஏற்றி ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்று பயந்து பல ஆண்கள் அந்தப் பக்கமே போகவில்லை. கரையை வளைத்துப் பட்டா போடப் போகிறார்கள் என்று இன்னொரு கட்சி. இந்தக் கட்சிக்காரர்கள் மட்டும் அவ்வப்போது வந்து, தங்களுக்கும் ஒரு மனை தேறுமா என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பங்குனி பிறந்ததும் விஷயம் முற்றியது. கரையில் ஒரு மேட்டைச் சுற்றிக் குச்சிகள் முளைத்தன. குச்சிகளுக்கு நடுவே கயிறு. பகல் முழுக்க முறை வைத்து யாராவது ஒருவர் கொஞ்சம் தள்ளிக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். வெறும் மண்ணுக்கு எதற்குக் காவல்?

“அத்தை, கரையில ஏதோ கயிறு கட்டியிருக்கீங்களாமே?”

“யார் சொன்னா?”

“டோல்கேட் போயிட்டு வரும்போது பாலத்துல இருந்து பாத்தேன்.”

“பாலத்துல வரும்போது முன்னாடி பாத்து சைக்கிள் ஓட்டுங்க மாப்ளை.”

வசந்தாவை அனுப்பிக் கேட்கச் சொன்னேன். அவள் திரும்பி வந்து, “உங்கிட்ட சொன்னா உன் வீட்டுக்காரருக்குப் போயிடும்னாங்க” என்றாள்.

“எது போயிடும்?”

“அதைத்தான் சொல்லலையே.”

தலைமை நிருபர் பஞ்சநாதனிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்தார். பேனாவை அவர் மூடுவது அபூர்வம்.

“சிலைய்யா” என்றார். “எங்கயோ எடுத்தது. மண்ணுக்குள்ள போட்டு வச்சிருக்கானுங்க. பறவை, தவளை எல்லாம் வெளிப்பூச்சு.”

“என் மாமியார் அதுல இருக்காங்க சார்.”

“ரொம்ப நல்லதாப் போச்சு. உள்ளேயே நமக்கு ஆள் இருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “போட்டோவோட கொண்டா. உன் ஆர்டருக்கு நான் பொறுப்பு.”

ஆபீஸ் கேமராவைப் போட்டோகிராபர் என்னிடம் தந்தபோது, பெண்ணைக் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றும் அப்பாவின் முகம் அவருக்கு இருந்தது.

மாறுவேஷம் என் சொந்த யோசனை. (இதற்கு இன்றுவரை யாரும் பங்கு கேட்டதில்லை.) பங்குனியில் ஞாயிறுதோறும் கொள்ளிடம் பாலத்தின் வழியே சமயபுரத்துக்குக் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். மஞ்சள் துணி, வெறுங்கால், கையில் வேப்பிலை, அம்மனுக்குப் போடப் பூக்கூடை. அந்தக் கூட்டத்தில் ஒரு மஞ்சள் வேட்டியை யார் உற்றுப் பார்ப்பார்கள்? நான்கு நாள் தாடி விட்டேன். வேட்டியை மஞ்சளில் முக்கினேன். நெற்றியில் அரை ரூபாய் அளவுக்குக் குங்குமம். கூடையில் கேமராவை வைத்து அதன்மேல் சாமந்தியைக் கொட்டினேன். வசந்தாவிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு, வேட்டியைப் பையில் எடுத்துப்போய் ஒரு டீக்கடையின் பின்புறம் மாற்றிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே என்மேல் பக்தி வந்தது.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூட்டத்தைவிட்டு நழுவிக் கரையில் இறங்கினேன். வகுப்பு தூரத்தில் ஒரு புங்கமரத்தடியில் நடந்துகொண்டிருந்தது. பிலோமினா டீச்சர் ஏதோ வேரைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அத்தை முன்வரிசையில். காவலுக்குக் குடையோடு இருந்தவர் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் திரும்பிய நேரம், கயிற்றைத் தாண்டி உள்ளே போனேன். குனிந்து மண்ணைப் பார்த்தேன். சரளைக் கல், காய்ந்த புல், ஆட்டுப் புழுக்கை. தோண்டிய தடமே இல்லை. கைதேர்ந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நொடி ஒரு பறவை என் தலையை நோக்கிப் பாய்ந்தது. நீண்ட மஞ்சள் கால், கண்ணருகே சிவப்பாகத் தொங்கும் சதை. வெட்டவெளியில் யார் நடந்தாலும் ஊருக்கே கத்திச் சொல்வதால் அதற்கு ஆள்காட்டிக் குருவி என்று பெயர். அது என் உச்சந்தலைக்கு ஒரு சாண் உயரத்தில் வந்து கத்திவிட்டுப் போனது. உடனே இன்னொன்று. இரண்டும் மாறி மாறி. நான் பூக்கூடையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். சாமந்தி என்மேலேயே கொட்டியது. புங்கமரத்தடியிலிருந்து மொத்த வகுப்பும் எழுந்து ஓடி வந்தது.

“சாமி, அசையாதீங்க.” அத்தையின் குரல். “அப்படியே நில்லுங்க. அந்தக் காலை மட்டும் கீழ வச்சிடாதீங்க.”

என் வலது கால் காற்றில் இருந்தது. நான் ஒற்றைக் காலில் நின்றேன். முகத்தை வேப்பிலையால் மறைத்துக்கொண்டேன்.

“கீழ பாருங்க சாமி” என்றார் பிலோமினா டீச்சர், மிக நிதானமாக. “உங்க காலுக்குக் கீழ முட்டை இருக்கு.”

பார்த்தேன். கல் என்று நான் நினைத்தவற்றில் நான்கு கல் இல்லை. மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட நான்கு முட்டைகள், கூடு என்று ஒன்றும் இல்லாமல், வெறும் தரையில். என் குதிகாலுக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு கை அகலம்கூட இல்லை.

என்னை நம்பிக் காலை எடுக்கவிட அவர்கள் தயாராக இல்லை. அத்தை குனிந்து இரண்டு கையாலும் என் பாதத்தைப் பிடித்தார். மெதுவாக நகர்த்தி ஒரு புல்மேல் வைத்தார். வைத்தவர் கையை எடுக்கவில்லை. என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்ன வயதில் சைக்கிள் செயினில் மாட்டியதில் அந்த விரலுக்கு நகம் கிடையாது. கல்யாணத்தன்று தாம்பாளத்தில் வைத்து மாமனார் அந்தக் காலைக் கழுவினார். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றியவர் அத்தை. தாலி கட்டுவதற்கு முன்பே பெண் வீட்டார் மாப்பிள்ளையின் பாதத்தை அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்து வைத்துவிடுகிறார்கள் என்பதை எந்தத் துப்பறியும் நிருபரும் கணக்கில் எடுப்பதில்லை.

“மாப்ளை?”

பறவைகள்கூடக் கொஞ்சம் ஓய்ந்த மாதிரி இருந்தது. நான் வேப்பிலையை இறக்கினேன்.

“வேண்டுதலா?” என்றார் அத்தை.

நான் சொல்லக்கூடிய வேறு பதில்களை வரிசையாக யோசித்துப் பார்த்தேன். உங்களைச் சிலை திருடி என்று நினைத்தேன் என்பது அதில் முதலாவது. “ஆமா அத்தை” என்றேன்.

“எதுக்கு?”

“இது என்னக்கா கேள்வி” என்றார் பின்னால் நின்ற ஒரு பெண். “கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சு. பாவம், வீட்டுல கூடச் சொல்லாம வந்திருக்காரு.”

வகுப்பு முழுவதும் என்னை இரக்கத்தோடு பார்த்தது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிலோமினா டீச்சர் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கூடையைப் பார்த்தார். சாமந்தி பாதி கொட்டிப் போனதில் கேமராவின் வார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“போன வருஷம் ஒரு பேப்பர்ல எங்க நாணலைப் பத்தி நல்லா எழுதினாங்க” என்றார், யாரிடமோ சொல்வதுபோல. “அடுத்த ஞாயித்துக்கிழமை ஊரே பாக்க வந்து நாணலை மிதிச்சுட்டுப் போச்சு. அதனாலதான் முட்டை பொரியற வரைக்கும் வெளிய சொல்றதில்ல. சாமியும் சொல்ல மாட்டீங்கல்ல?”

சாமி தலையை ஆட்டியது.

அங்கிருந்து நழுவி வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தேன். “தனியா அனுப்புவேனா? நானும் வரேன்” என்று அத்தை மண்வெட்டியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். கொள்ளிடம் பாலம் எவ்வளவு நீளம் என்பது சைக்கிளில் போகிறவர்களுக்குத் தெரியாது. பங்குனி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு போனால் தெரியும். நான் ஓரத்து நிழலைத் தேடி ஓடினேன். அத்தை பக்கத்தில் ஒரே சீராக நடந்தார். வழியில் நீர்மோர் கொடுத்தவர்கள் எல்லோரிடமும், “என் மாப்ளை. குழந்தை வரத்துக்கு நடக்கறாரு” என்றார். டோல்கேட் தாண்டுவதற்குள் என் குடும்ப வாழ்க்கை அந்த நெடுஞ்சாலை முழுவதுக்கும் தெரிந்துவிட்டது.

சமயபுரத்தில் கோயில் கோபுரத்தைப் பார்த்ததும் நின்றேன். முடிந்தது என்று நினைத்தேன்.

“மொட்டை போடற இடம் அந்தப் பக்கம்” என்றார் அத்தை.

“மொட்டையெல்லாம் வேண்டிக்கல அத்தை.”

“இவ்வளவு தூரம் வந்துட்டு முடியோடயா திரும்புவாங்க? ஆத்தா என்ன நினைப்பா?”

போட்டார்கள். தாடியும் போனது. சந்தனம் பூசினார்கள். பிறகு பூ போடும் இடத்தில் அங்கிருந்த ஊழியர் என் கூடையை வாங்கி ஒரே வீச்சில் கவிழ்த்தார். மிச்சமிருந்த சாமந்தி சத்தமில்லாமல் விழுந்தது. அதன்பின் கேமரா விழுந்தது.

“யாருதுங்க இது?”

அத்தை குனிந்து எடுத்தார். பூக்குவியலில் விழுந்ததால் உடையவில்லை. முந்தானையால் லென்ஸைத் துடைத்து என் கழுத்தில் மாட்டிவிட்டார். எதற்குக் கொண்டுவந்தேன் என்று கேட்கவே இல்லை. “வந்ததுக்கு ஒரு போட்டோ எடுத்துக்குவோம் மாப்ளை” என்று, வெளியே வந்ததும் ஒரு தேங்காய்க் கடைக்காரரிடம் அதைக் கொடுத்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று என்னைவிட்டே அவருக்குச் சொல்ல வைத்தார்.

அந்தப் படத்தில் அத்தையின் முகத்திலுள்ள புன்னகையை நான் பலமுறை ஆராய்ந்திருக்கிறேன். அவருக்கு எப்போது தெரிந்தது? கேமரா விழுந்தபோதா, பாலத்திலா, கட்டைவிரலைப் பார்த்தபோதேவா? பேட்டி எடுத்துப் பார்த்தேன். “நீங்க வேண்டினீங்க, ஆத்தா குடுத்தா” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. (அடுத்த வருஷம் எங்களுக்குப் பெண் பிறந்தது. அதில் எனக்கிருந்த பங்கை அந்த வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.)

அன்று இரவு என் மொட்டையைப் பார்த்த வசந்தாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். மறுநாள் ஆபீசில் பிலிமைக் கழுவினார்கள். சுருளில் ஒரே ஒரு படம். பஞ்சநாதன் ஈரப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு என் தலையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுதான் அந்தக் கடத்தல்காரனா?”

“சிலை இல்ல சார்.”

“அப்புறம் என்னதான் இருந்தது அங்க?”

வாய்வரை வந்தது. முட்டையைப் பற்றி நான்கு பத்தி எழுதினால்கூட ஏதோ ஒரு செய்தி கொண்டுவந்ததாக இருக்கும். மறு ஞாயிறு ஊரே அந்தக் கயிற்றைச் சுற்றி நிற்கும் என்பதும் தெரிந்தது. “ஒண்ணும் இல்ல சார். வெறும் மண்ணு” என்றேன். போட்டிக்காரன் தன் மேஜையில் சந்தோஷமாக எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

பஞ்சநாதன் என் காலைப் பார்த்தார். இரண்டு பாதத்திலும் கொப்புளம். “உண்மையிலேயே நடந்திருக்க. சரி, போய் அதையாவது எழுது” என்றார். எழுதினேன். மோர்ப் பந்தல், தார்ச் சூடு, மொட்டை வரிசை எல்லாம் வந்தது. ஆசிரியருக்குப் பிடித்துப் போனது. திருவிழாச் செய்திக்கு இவ்வளவு ஈடுபாடோடு ஓர் ஆள் தங்களிடம் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்றாராம். போட்டிக்காரனைக் குற்றச் செய்திக்கு நிரந்தரமாக்கினார்கள். என்னைக் கோயில் செய்திக்கு நிரந்தரமாக்கினார்கள். ஒருவரைத்தான் எடுப்பதாக இருந்தது. என்னை விட்டால் அம்மன் குற்றம் என்று நிர்வாகத்தில் யாரோ பயந்ததாகக் கேள்வி.

அன்று டபராவோடு காபி வந்தது.

அதற்குப் பிறகு என் பணிக்காலம் முழுவதும் தேர், தெப்பம், தீமிதி, கும்பாபிஷேகம். ஒரு கொள்ளையை, ஒரு லஞ்சத்தை, ஒரு சின்ன வழிப்பறியைக்கூட எழுத எனக்கு வாய்க்கவில்லை. ஓய்வு பெற்ற நாளில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். என்னோடு கொஞ்ச காலமே வேலை பார்த்த ஓர் இளம் நிர்வாகி பேசினார். பிள்ளை வரம் வேண்டி யாருக்கும் சொல்லாமல் வெறுங்காலோடு சமயபுரம் நடந்தவர், எதையும் சந்தேகிக்கும் இந்தத் தொழிலில் நம்பிக்கையை மட்டுமே மூலதனமாகக் கொண்டவர் என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க எழுந்து வெளியே ஓடினாள்.

“அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க” என்றார் அவர் மைக்கில். எல்லோரும் கை தட்டினார்கள்.