காலருக்குள் மஞ்சள்

துணிக்கடையில் பச்சை அட்டை தொங்கும் சட்டையைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். 'பூமியை நேசிக்கும் ஆடை' என்று அச்சடித்திருப்பார்கள். தைத்தவளுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தார்களா என்பது மட்டும் எங்கேயும் இருக்காது. சாயம் கலந்த ஆறு, மலைமலையாய்க் கொட்டிய துணி என்று வீடியோ பார்த்துப் பார்த்து எனக்கு அந்தச் சந்தேகம் முற்றிப்போயிருந்த நேரத்தில்தான் கல்யாணம் கூடிவந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளைச் சட்டை எடுக்க, எங்கள் ஊர் பாடாங் செராயிலிருந்து அலோர் ஸ்டார் நகரத்துக்குப் போனேன். கூட வந்தது மாப்பிள்ளை குமரனின் அம்மா, என் வருங்கால அத்தை. மெர்கோங்காரர், அதிகம் பேசாதவர். அவரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டுமென்று வாயைக் கட்டிக்கொண்டு போனேன். (கட்டு அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை.)

பேரங்காடிக் கடையில் அத்தை ஒரு சந்தன நிறச் சட்டையை எடுத்தார். பச்சை அட்டை! பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லாருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டு, வேறு அளவு இருக்கிறதா என்று தேடப் போனேன். திரும்பி வந்து, அத்தை கையிலிருந்த சட்டையையே வாங்கிக் கல்லாவில் வைக்கும்போது கை தானாகக் காலரைப் புரட்டியது.

உள்ளே மஞ்சள். நம் வீடுகளில் புதுத்துணிக்கு வைப்போமே, அதே மஞ்சள்.

யாரோ தீபாவளிக்குப் போட்டுக் கழற்றிய சட்டை! கடை வாசலில் பழைய துணி போடப் பெட்டி வைத்திருக்கிறார்களே, அது இதற்குத்தானா?

"இது பண்டல் சட்டை!" என்று கத்தினேன். எங்கள் பக்கம் பழைய துணிக்கு அதுதான் பெயர். கையில் கைப்பேசி, வீடியோ ஓடுகிறது.

கல்லாவில் இருந்த மலாய்ப் பெண் மிரண்டுபோய், "பாரு, காக்! பாரு!" என்றாள். (மலாயில் பாரு என்றால் புதுசு, காக் என்றால் அக்கா.)

கோபத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது. "பாத்துட்டேன் லா! நல்லா பாத்துட்டுத்தான் பேசுறேன்! மேனேஜரக் கூப்பிடு!"

மேனேஜர் வந்தார். வரிசையில் நின்றவர்களெல்லாம் அவரவர் எடுத்த துணியின் காலரைப் புரட்ட ஆரம்பித்தார்கள். அத்தை என் முழங்கையைத் தொட்டார்.

"அம்மாடி... அது நான் வச்சதுமா. ராகு காலம் வரப்போவுது, அதுக்குள்ள வச்சிடலாம்னு..."

கைப்பையைத் திறந்து சின்ன மஞ்சள் டப்பாவையும் காட்டினார். அதுவும் வீடியோவில் பதிவானது.

அந்தப் பெண்ணிடமும் மேனேஜரிடமும் மாற்றி மாற்றி மன்னிப்புக் கேட்டேன். காரில் ஏறி மெர்கோங் திரும்பினோம். கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். அவர் வீட்டு வாசலில் அழுதேவிட்டேன்.

"எதுக்கு அழுவுற? குமரன் யாரு என்ன சொன்னாலும் நம்பிடுவான். போன்ல எவன் பேசினாலும் ஏமாந்துடுவான். வீட்டுல சந்தேகப்பட ஒரு ஆளு வேணும் லா" என்றார் அத்தை.

காலர் நைந்து போகும்வரை குமரன் அந்தச் சட்டையைப் போட்டார். இப்போது அது எங்கள் அடுப்படித் துணி. பச்சை அட்டை சொன்னது நிஜமா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் வீட்டுக்கு எந்தப் புதுத்துணி வந்தாலும், அத்தை மஞ்சள் வைத்துவிட்டு அதை என் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"இது நான் வச்சது. வீடியோ எடுத்துக்கோ."