அரைக் கிலோவுக்கு மேலே ஒரு கைப்பிடி

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
ஐப்பசி 9

கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு இருக்கும் தங்கை சின்னப்பாப்பாவுக்கு அக்கா ராஜாம்பாள் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீயும் மகன் வெற்றிவேலும் சுகமாக இருக்க வீராம்பட்டினத்து அம்மனை வேண்டிக்கொண்டேன். வேண்டியதோடு சரி, தேங்காய் உடைக்கவில்லை.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை நீ பாதியிலே வைத்துவிடுவாய், போன பங்குனியில் இரண்டு தரம் வைத்தாய். காகிதத்தை வைத்தாலும் மறுபடி எடுத்துப் படித்துத்தான் ஆகவேண்டும். மூன்றாவது வரைக்கும் படித்த கை எழுதுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள், விஷயத்தைப் பொறுக்க வேண்டாம்.

சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் நீ பேசிப் போட்டதை என் மகன் முகிலன் எனக்குப் போட்டுக் காட்டினான். "அக்கா மருமவ கருவாட்டுல சம்பாரிக்கிறது பத்தாதுன்னு தபால் கூலியிலயும் புடுங்குறா." இதுதானே நீ சொன்னது? என் மருமகள் தேவிப்பிரியா அதைக் கேட்டுவிட்டு அன்றைக்குச் சோறே தின்னவில்லை. அவள் பிடுங்கினாளா, அவளிடம் பிடுங்கப்பட்டதா என்று உனக்குத் தெரியவேண்டும்.

போனிலே கருவாடு விற்கும் கடையை அவள் ஆரம்பித்தது ஆவணியில். முழங்கால் போய் நான் மார்க்கெட்டில் மீன் விற்பதை விட்ட பிறகு நாலு வருஷம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், இவள் கடை வந்த பிறகுதான் என் வாய்க்கும் கைக்கும் வேலை வந்தது. எந்த நெத்திலி நன்றாகக் காய்ந்தது, எந்த வாளை முறுகவில்லை என்று பார்த்துச் சொல்வது நான். நிறுப்பது அவள். அட்டைப்பெட்டி, வாடை வெளியே வராமல் மூன்று சுற்றுப் பிளாஸ்டிக், கருவாடு எல்லாம் சேர்த்து நானூற்றுத் தொண்ணூறு கிராம் வருகிற மாதிரி நிறுப்பாள். அரைக் கிலோவைத் தாண்டினால் தபாலில் அடுத்த கட்டணம். வாங்குகிறவர்களிடம் அரைக் கிலோவுக்கான கூலியை முன்கூட்டியே வாங்கிவிடுவதால், ஏறினால் அவள் கையிலிருந்துதான் போகும். அதுதான் போனது. வீட்டில் நிறுத்தால் நானூற்றுத் தொண்ணூறு, தபால் ஆபீஸில் வைத்தால் ஐந்நூற்று இருபது. தராசு கெட்டுவிட்டது என்று புதுத் தராசு வாங்கினாள், அதற்கும் அதே கதை. பிறகு ஒருநாள், "இந்த மாசத்தோட கடைய மூடிட்டு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போறேன் அத்தை" என்று சொல்லிவிட்டாள்.

தபால் ஆபீஸ் தராசிலேதான் கோளாறு என்று முடிவு பண்ணி, மார்க்கெட்டில் முப்பத்தெட்டு வருஷம் வைத்திருந்த என் அரைக் கிலோ கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு ஆட்டோ பிடித்துப் போனேன். கவுண்டரில் தணிகாசலம் என்று ஒரு தம்பி. கல்லைத் தராசில் வைத்தேன்.

"ஆயா, கல்லையா பார்சல் போடப் போறீங்க?"

"உன் தராச நிறுக்க வந்திருக்கேன். எவ்ளோ காட்டுது?"

"நானூத்தித் தொண்ணூத்தேழு."

"பாத்தியா, மூணு கிராம் முழுங்குது."

"கல்லு தேஞ்சிருக்கு ஆயா. அதில்லாம, என் தராசு குறைச்சுக் காட்டினா உங்களுக்குத்தானே லாபம்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பச்சைச் சட்டைக்காரன் ஒருத்தன் அதிகமாகச் சிரித்தான், முகத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் தேவிப்பிரியா எல்லா ரசீதையும் தரையில் பரப்பினாள். "நாப்பத்தோரு பார்சல் அத்தை. நாப்பதுக்குக் கூடக் கட்டியிருக்கேன். ஒண்ணே ஒண்ணுதான் சரியான எடையில போயிருக்கு. கோயம்புத்தூர் சின்ன அத்தைக்குப் போனது. அது மட்டும் எப்படி?"

நான் விசிறியை எடுத்து விசிறிக்கொண்டேன்.

"அத்தை, நான் டேப் எடுக்க உள்ள போறப்ப நீங்க பெட்டியில ஏதாவது போடுறீங்களா?"

"கொசுறு போடுறேன். நிறுத்ததுக்கு மேல ஒரு கைப்பிடி போடாம குடுத்தா அதுக்குப் பேரு விக்கிறது இல்லம்மா, பறிக்கிறது."

"சின்ன அத்தைக்கு மட்டும் போடலையே?"

"அவளுக்கு எதுக்கு?"

எதுக்கு என்று உனக்குத் தெரியும். தொண்ணூற்று நாலாம் வருஷம் முகிலன் காதுகுத்துக்கு வரமுடியாது என்று ஒரு கவர் போட்டாய், தபால்தலை ஒட்டாமல். செவ்வாய்க்கிழமை, மத்தி மீன் மலிந்து கிடந்த நாள், தபால்காரர் பக்கிரி வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இரண்டு ரூபாய் கேட்டார். நீ வராததற்கு நான் காசு கட்டினேன் சின்னப்பாப்பா. அந்தக் கோபத்தில்தான் உன் பெட்டியில் என் கை போகவில்லை. ஊரில் நாற்பது பேர் அவள் நஷ்டத்தில் கருவாடு தின்றிருக்கிறார்கள், சரியான கூலிக்குச் சரியான எடை வாங்கிய ஒரே ஆள் நீ, நீ வாயைத் திறக்கிறாய்.

தேவிப்பிரியா கெட்டிக்காரி. "முப்பது கிராம் கம்மியா நிறுக்கிறேன், மேல முப்பது கிராம் கொசுறு போடுங்க அத்தை" என்றாள். நிறுத்துப் போட்டால் அது எப்படிக் கொசுறாகும் என்று நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் ஜவுளிக்கடைக்குக் கட்டிப்போகப் புடவை எடுத்து மடித்து வைப்பதைப் பார்த்தேன். உடனே அம்மன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, இனிமேல் நிறுத்த கருவாட்டின்மேல் ஒரு நெத்திலி கூட வைக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். அன்றிலிருந்து ஒன்பது பார்சல், ஒன்பதும் சரியான கூலி. கடை மூடப்போவதில்லை. புடவை பெட்டிக்குள் போய்விட்டது.

ஆகவே நீ குழுவில் சொன்னதை அதே குழுவில், அதே குரலில், திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டும். வெற்றிவேலுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் ஆயுசு கெட்டியாக இருக்க என் ஆசீர்வாதம். உனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
மறக்காத அக்கா
ராஜாம்பாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது கை சும்மா இருக்கவில்லை. உனக்குப் பிடித்த சின்ன நெத்திலி ஒரு கைப்பிடி, பிளாஸ்டிக்கில் சுற்றி உள்ளே வைத்திருக்கிறேன். சத்தியம் நிறுத்த கருவாட்டுக்குத்தான், இதை யாரும் நிறுக்கவில்லை. தபால்தலை ஐந்து ரூபாய்க்கு ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் ஒட்டினேன். தபால்காரர் வாசலில் நின்று பாக்கி கேட்பார். கட்டிவிடு. தொண்ணூற்று நாலு அத்தோடு தீர்ந்தது.